97 மாடல் மாருதி 800, தூத்துக்குடி: அடியில் துரு. கருப்புக் கோட்டிங் அடித்தால் போதுமா?

முத்துநகர்800
21 ஜனவரி 2024, காலை 9.12

எல்லாருக்கும் வணக்கம். அப்பா 1997-ல் எடுத்த வெள்ளை மாருதி 800. 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவர் போனபிறகு நான்தான் ஓட்டுகிறேன், விற்கிற எண்ணம் இல்லை.

டிசம்பர் 17, 18 மழை உங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதே மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வண்டி இரண்டு நாள் அதிலேயே நின்றது. சீட்டு நனையவில்லை, கால் வைக்கிற இடம் மட்டும் மூழ்கியது. மெக்கானிக் ஆயில், பிளக், ஃபில்டர் மாற்றிக் கொடுத்தார். இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

போன வாரம் வாட்டர் சர்வீசுக்கு விட்டபோது லிஃப்டில் ஏற்றியதும் அடியில் போய் நின்று பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே சப்பாத்தி அளவுக்குப் பெயர்ந்து தொங்குகிறது. இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கை வைத்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. கதவுக்குக் கீழே ஓடுகிற ரன்னிங் போர்டின் அடி விளிம்பு முழுக்கக் கொப்புளம்.

கடைக்காரர் சொன்னது: "கருப்பு ரப்பர் கோட்டிங் அடித்துவிடலாம் சார், 4,500 ரூபாய், காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம், ஐந்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்." 2027-ல் மறுபடி எஃப்சி காட்ட வேண்டும், அதுவரையாவது தாங்க வேண்டும். அடிக்கலாமா? ரப்பரா, தாரா, மெழுகா, எது நல்லது?


பத்மினிராஜா
21 ஜனவரி 2024, காலை 10.40

அடிக்காதீர்கள். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னிடம் இருப்பது 88 மாடல் பிரீமியர் பத்மினி கார். வீடு சென்னையில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. 2011-ல் இதே வசனத்தை எனக்கும் ஒருவர் சொன்னார். தார் கோட்டிங் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அடியில் குனிந்து பார்த்தால் புதுத் தோசைக்கல் மாதிரிப் பளபளவென்று இருந்தது. எனக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து மகாபலிபுரம் போகிற வழியில் பஞ்சர். ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. கதவைத் திறந்து பார்த்தால் கால்மிதியைத் தூக்கிக்கொண்டு ஜாக்கி உள்ளே வந்திருக்கிறது.

அப்புறம் டிங்கர் கடையில் அந்தத் தாரை உரித்தபோது ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழுசாக, தோசை கல்லை விட்டு எழும்புகிற மாதிரி வந்தது. அதன் உள்பக்கம் ஒரு விரல்கடை கனத்துக்குத் துரு ஒட்டியிருந்தது. தகடு என்று ஒன்று மிச்சம் இல்லை. அவ்வளவு நாளும் வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது தார்தான் போலிருக்கிறது.


டிங்கர்மகன்
21 ஜனவரி 2024, பிற்பகல் 1.05

ராஜா சார் சொன்னது சரிதான், ஆனால் தார்மேல் தப்பில்லை. துருவின்மேல் அடித்ததுதான் தப்பு. அப்பா மதுரையில் டிங்கர் கடை வைத்திருந்தார், இப்போது நான் பார்க்கிறேன். வருஷத்துக்கு இந்த மாதிரி வண்டி நாலைந்து வரும்.

முத்துநகர் அண்ணாச்சி, கோட்டிங் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் கீழேயிருந்து பார்த்திருக்கிறீர்கள். மேலேயிருந்து பார்த்தீர்களா? சீட்டை எல்லாம் கழற்றுங்கள், முன்சீட்டுக்கு நாலு நாலு போல்ட்தான், 12 அல்லது 14 நம்பர் ஸ்பேனர் போதும். மேட்டிங்கை முழுசாக வெளியே எடுங்கள். நூற்றுக்கு எழுபது வண்டியில், நான் பார்த்த மட்டில் சொல்கிறேன், ஃப்ளோர் துரு மேலேயிருந்து கீழே வருகிறது. கீழேயிருந்து மேலே போவதில்லை.

எடுத்தபிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு அரை அடிக்கும் தட்டுங்கள். "டங்" என்று கேட்டால் தகடு இருக்கிறது. "டொப்" என்று கேட்டால் திருப்பிப் பிடித்து முனையால் அழுத்துங்கள். போகிற இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். போட்டோ எடுத்துப் போடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: அடியில் மெல்லிய குழாய்கள் முன்னாலிருந்து பின்னால் போகும். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும். அதன்மேல் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவில் மெலிந்து போயிருந்தால் தேய்க்கும்போதே ஓட்டையாகும், அது தெரிவது நீங்கள் பிரேக் அழுத்தும்போதுதான்.


சும்மாவந்தவன்
21 ஜனவரி 2024, பிற்பகல் 1.31

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் இப்போதும் எங்கள் தெருவுக்கு வருகிறார். நம்பர் வேண்டுமா?


முத்துநகர்800
21 ஜனவரி 2024, பிற்பகல் 1.50

@சும்மாவந்தவன் எங்கள் அம்மாவிடம் நேரில் வந்து சொல்லுங்கள், பார்க்கலாம்.

@டிங்கர்மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழற்றுகிறேன் அண்ணே.


வேதியியல்வாத்தி
21 ஜனவரி 2024, இரவு 8.22

பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடத்தை இங்கேயும் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் தூத்துக்குடி என்பதால் இது முக்கியம்.

துருப்பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் போதும். உப்பு இருந்தால் அந்தத் தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் போகும், அரிப்பு பல மடங்கு வேகமாகும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பலர் கவனிக்காதது வேறு. உப்பு காற்றிலிருந்து தானாகவே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணச் சமையல் உப்பு கசிந்து தண்ணீராகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைப் பாருங்கள், அதேதான். உங்கள் ஊரில் இரவில் 75 என்பது தினசரி விஷயம். அதாவது மழையே பெய்யாவிட்டாலும், தகட்டில் உப்பு ஒட்டியிருந்தால் ராத்திரி முழுக்க அது நனைந்துகொண்டே இருக்கிறது.

இன்னும் மோசம், உப்பளத் தண்ணீர். உப்பு எடுத்தபிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசியும். சித்திரை வெயிலில்கூட அது முழுசாகக் காயாது. டிசம்பர் வெள்ளத்தில் உப்பளங்கள் எல்லாம் மூழ்கின. உங்கள் வண்டி நின்ற தண்ணீரில் அதுவும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

ஆகவே முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. அதற்குப் பிறகுதான் எந்தப் பூச்சும். குழிக்குள் உப்பை வைத்துக்கொண்டு மேலே மூடினால், உள்ளே ஆக்ஸிஜன் குறையும், துரு நின்றுவிடும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். ஒரே தகட்டில் ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைக்கிற இடம்தான் அரிபடும், நிறையக் கிடைக்கிற இடம் தப்பிக்கும். பத்மினிராஜாவின் தோசைக்கு அடியில் நடந்தது இதுதான்.


முத்துநகர்800
22 ஜனவரி 2024, காலை 7.05

வாத்தியார் ஐயா, "நல்ல தண்ணீர்" என்றதும்தான் உறைத்தது. நான் விடுகிற சர்வீஸ் கடையில் போர் தண்ணீர். நேற்று ராத்திரியே போய்க் குழாயில் கை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். ரசத்துக்கு உப்புப் போட வேண்டியதில்லை.

பதினைந்து வருஷமாக அப்பா மாதம் தவறாமல் அங்கேதான் அடியோடு கழுவி வாங்கிக்கொண்டிருந்தார்.


பத்மினிராஜா
22 ஜனவரி 2024, காலை 7.30

சென்னையிலும் கடற்கரைப் பக்கம் இதே கதைதான். நான் மெட்ரோ வாட்டர் வருகிற அன்றைக்குத்தான் வண்டி கழுவுகிறேன். வீட்டில் திட்டு வாங்குகிறேன்.


முத்துநகர்800
29 ஜனவரி 2024, இரவு 9.47

கழற்றியாயிற்று. நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

மேலே ஒரு பிளாஸ்டிக் மேட், அதன் கீழே சாம்பல் நிற வினைல் மேட்டிங். அப்பா 2008 வாக்கில் போட்டது. அதைத் தூக்கினால், அதற்கும் கீழே கம்பெனி போட்ட பழைய கார்ப்பெட் அப்படியே இருக்கிறது. எடுக்காமலே மேலே ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்து ஆறு வாரம் ஆகிறது. கார்ப்பெட்டை இரண்டு கையாலும் பிழிந்தேன், டம்ளர் அளவுக்குக் கருப்புத் தண்ணீர் இறங்கியது. வாடை, கருவாட்டுக் கூடையைத் திறந்த மாதிரி.

அதற்குக் கீழே தார் ஷீட். டிங்கர் அண்ணன் சொன்னபடி தட்டினேன். பின்பக்கம் முழுக்க "டங்". டிரைவர் கால் வைக்கிற இடத்தில் "டொப்"பும் இல்லை, சத்தமே வரவில்லை. தார் ஷீட்டை உரித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வெளிர் பச்சையாக ஒரு பட்டை. எம்சீல், ஓட்டை அடைக்கிற பசை. அதன்மேல் ஃபைபர் துணி, அதன்மேல் பெயின்ட். அடியில் இருந்த ஓட்டைக்கு யாரோ வைத்த ஒட்டு. 2014-ல் ஒரு கடையில் "ஃப்ளோர் வெல்டிங்" என்று அப்பா 6,000 கொடுத்த பில் கையுறைப் பெட்டியில் இருக்கிறது. வெல்டிங் என்று எழுதியிருக்கிறது. ஒரு பொட்டு வெல்டிங்கூட இல்லை.

ஸ்க்ரூ டிரைவரால் ஒட்டின் ஓரத்தில் அழுத்தினேன். மொத்தமும் கீழே விழுந்தது. ஓட்டை வழியாகப் போர்ட்டிகோவின் மொசைக் தெரிகிறது.

சாக்பீஸ் கணக்கு: டிரைவர் பக்கம் இரண்டு பெரிய வட்டம், பக்கத்து சீட்டின் கீழ் ஒன்று, இடது ரன்னிங் போர்டு பின்முனை ஒன்று. பிறகு ஒரு சந்தேகம். தரையில் வட்ட ரப்பர் மூடி நாலு இருக்கிறது, ஒன்றுகூடக் கழலவில்லை. சிலிக்கான் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது எதற்கு?


டிங்கர்மகன்
29 ஜனவரி 2024, இரவு 10.20

அந்த மூடிகள் பெயின்ட் குளியலில் தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியில் விடுகிற ஓட்டைக்கு. வெள்ளத்தில் மாட்டினால் அதைக் கழற்றினாலே உள்ளே நின்ற தண்ணீர் இறங்கிவிடும். தூசி வருகிறது, கரப்பான் வருகிறது என்று சிலிக்கான் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் வண்டி தொட்டிதான்.

அதைவிட முக்கியம் ரன்னிங் போர்டு ஓட்டை. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியின் அடி விளிம்பில் சின்னச் சின்னப் பிளவு இருக்கும். கோட்டிங் அடிக்கிறவர்கள் அதையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். கதவின் அடியிலும் அப்படி இரண்டு மூன்று உண்டு. சைக்கிள் கம்பி ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் குத்தித் திறந்துவிடுங்கள். ரன்னிங் போர்டில் சேறு கொட்டும், பாருங்கள்.

ஒட்டு வேலைக்குக் காசு வாங்கிவிட்டு எம்சீல் வைத்தவரைப் பற்றி என்ன சொல்ல. எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர்.


முத்துநகர்800
30 ஜனவரி 2024, காலை 6.58

குத்தினேன். இடது பக்கத்தில் ஒரு அரைப்படிச் சேறு. நடுவில் ஒரு நத்தை ஓடு.


பனிக்காடு
30 ஜனவரி 2024, காலை 8.15

கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே உப்புக் கடலிலிருந்து வருவதில்லை, அரசாங்கமே லாரியில் கொண்டுவந்து ரோட்டில் கொட்டுகிறது. பனி உருக.

இங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் கெட்டிப் பூச்சை நம்புவதில்லை. ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்குமுன் எண்ணெய் அடிப்போம். மெல்லிய எண்ணெய், இடுக்குக்குள் தானே ஊர்ந்து போகும். கதவு, ரன்னிங் போர்டு உள்ளே எல்லாம் நீளமான குழாயை விட்டு அடிப்பார்கள். சில இடத்தில் துளை போட்டுப் பிளாஸ்டிக் மூடி வைப்பார்கள். ஏற்கெனவே துருப்பிடித்த இடத்திலும் அடிக்கலாம், துருவுக்குள் ஊறி ஈரத்தை ஒதுக்கும். அதுதான் அதன் பலம். அடித்த இரண்டு நாள் சொட்டிக்கொண்டே இருக்கும், வீட்டு வாசலில் நிறுத்தினால் மனைவி கேட்பார்.

என் 2006 கொரோல்லா பதினேழு பனிக்காலம் பார்த்துவிட்டது. ஃப்ளோரில் ஒரு ஓட்டை இல்லை. கெட்டிப் பூச்சு அடித்த நண்பரின் வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது.


டிங்கர்மகன்
30 ஜனவரி 2024, காலை 9.40

அண்ணே, உங்கள் ஊருக்கு அது சரி. இங்கே ஒத்துவருமா என்பதில் எனக்குச் சந்தேகம். நம் ஊரிலும் அந்தக் காலத்தில் சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவி முடித்ததும் அடியில் ஆயில் அடிப்பார்கள், டீசலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து. ஒரு வாரத்தில் செம்மண் தூசி எல்லாம் ஏறி அரை இஞ்ச் சாந்து மாதிரிக் கட்டிக்கொள்ளும். மழையில் அந்தச் சாந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.


பனிக்காடு
30 ஜனவரி 2024, காலை 10.02

டீசலும் கழிவு ஆயிலும் வேறு, இது வேறு தம்பி. கழிவு ஆயிலில் இன்ஜினில் எரிந்த அமிலமே இருக்கும், அதை அடிப்பது துருவுக்குச் சாப்பாடு போடுவது. தோலுக்கும் கெடுதல், மண்ணுக்கும் கெடுதல். நான் சொல்வது அதற்கென்றே செய்த எண்ணெய். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கொழுப்பில் செய்ததும் உண்டு, அது அவ்வளவு எளிதில் வடியாது.


டிங்கர்மகன்
30 ஜனவரி 2024, காலை 10.30

சரி, கழிவு ஆயில் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திறந்த ஃப்ளோரில் எந்த எண்ணெயும் தூத்துக்குடி வெயிலுக்கும் தூசிக்கும் ஒரு வருஷம் நிற்காது. மூடிய பெட்டிக்குள், அதாவது ரன்னிங் போர்டு உள்ளே, கதவு உள்ளே, அங்கே தூசி போகாது, அங்கே உங்கள் எண்ணெய் நல்லது. வெளியே தெரிகிற தட்டைத் தகட்டுக்குக் கெட்டிப் பூச்சு. இரண்டும் வேண்டும், இடம் வேறு.


பனிக்காடு
30 ஜனவரி 2024, பகல் 11.10

இது நியாயமாக இருக்கிறது. வெல்டிங் முடித்தபிறகு மட்டும் உள்ளே எண்ணெய் விடச் சொல்லுங்கள். முன்னால் விட்டால் பற்றிக்கொள்ளும்.


யாழ்ஆஸ்டின்
30 ஜனவரி 2024, இரவு 7.45

இந்த இழையை இப்பதான் கண்டேன். எங்கட வீட்டில் ஐயாவின் ஆஸ்டின் ஏ40 சோமர்செட் இன்னும் நிற்குது, யாழ்ப்பாணத்தில். சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடின கார். கடல் அரை மைலில். ஃப்ளோர் மூன்று முறை மாற்றியாச்சு, ஆனால் காருக்கு ஒன்றும் நடக்கவில்லை.

காரணம் என்னவென்றால் அதுக்குச் சேசிஸ் தனியாக இருக்குது. ஃப்ளோர் போனால் கால் நனையும், அவ்வளவுதான். மாருதிக்குத் தனிச் சேசிஸ் இல்லை. ஃப்ளோரும் ரன்னிங் போர்டும்தான் எலும்பு. தம்பி, ரன்னிங் போர்டில் வட்டம் போட்டிருக்கிறீர், அதை ஒட்டுப் போட்டுச் சமாளிக்காதேயும். இடிபட்டால் அதுதான் தாங்க வேண்டும்.


சும்மாவந்தவன்
30 ஜனவரி 2024, இரவு 8.10

கப்பலுக்கு அடியில் துத்தநாகக் கட்டி வைப்பார்களே, அது தேய்ந்து கப்பலைக் காப்பாற்றும் என்று. ஹார்பர் ஊர்க்காரர்தானே, ஒன்றை வாங்கி வண்டியில் மாட்டிவிட்டால் என்ன? இந்தத் தடவை விளையாட்டாகக் கேட்கவில்லை. ஆன்லைனில் பேட்டரியில் மாட்டுகிற கருவிகூட விற்கிறார்கள்.


வேதியியல்வாத்தி
30 ஜனவரி 2024, இரவு 9.00

நல்ல கேள்வி. கப்பல் முழுசாகக் கடல் தண்ணீரில் இருக்கிறது. துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஓட்டம் போக அந்தத் தண்ணீர்தான் கம்பி. காருக்கு அந்தத் தொடர்ச்சி இல்லை, அங்கே ஒரு சொட்டு, இங்கே ஒரு ஈரம். டிக்கியில் கட்டி வைத்த துத்தநாகம் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிற துருவை எப்படிக் காக்கும்? பேட்டரிக் கருவிக்கும் இதே பதில்தான். துத்தநாகம் வேலை செய்ய வேண்டுமானால் தகட்டின்மேலேயே பூச்சாக ஒட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று. துருவைக் கறுப்பாக மாற்றுகிற திரவம் விற்கிறதே, அதில் சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம், சிலவற்றில் டானின். டானினும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், நம் தாத்தாக்கள் கடுக்காய் மை செய்ததும் இப்படித்தான். லேசான துருவுக்கு நல்லது. ஆனால் அடுக்கடுக்காகப் பெயர்கிற துருவின்மேல் ஊற்றினால் மேல் அடுக்கு மட்டும் கறுக்கும், கீழே அப்படியே இருக்கும். சுரண்டி எடுத்தபிறகு மிஞ்சுகிற பழுப்புக் கறைக்கு மட்டும்தான் அது.


முத்துநகர்800
31 ஜனவரி 2024, காலை 7.20

அப்படியானால் முதலில் கழுவுகிறேன். வீட்டில் தாமிரபரணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அடியில் குனிந்து பீய்ச்ச இடுப்பு ஒத்துழைக்காது. அரை இஞ்ச் பிவிசி பைப் மூன்றடி, ஒரு முனைக்கு மூடி, மேல்பக்கமாக டிரில்லில் பன்னிரண்டு ஓட்டை, மறுமுனையில் தோட்டத்து ஹோஸ். அதை வண்டிக்கு அடியில் தள்ளி, முன்னும் பின்னுமாக இழுக்கப்போகிறேன். இப்போது அடியில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும் என்பது அம்மாவின் கவலை.


பத்மினிராஜா
31 ஜனவரி 2024, காலை 8.00

இந்தப் பைப் யோசனையைச் சுட்டுக்கொண்டேன்.


முத்துநகர்800
14 ஏப்ரல் 2024, காலை 10.15

புத்தாண்டு வாழ்த்துகள். வேலை முடிந்தது, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கழுவினது நாலு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு பத்து நாள் மேட்டிங் இல்லாமல் வெயிலில் நாலு கதவும் திறந்து காயப்போட்டேன். இங்கே ஊருக்குள்ளேயே வயசான டிங்கர் ஒருவர் கிடைத்தார். பில்லைக் காட்டினேன், சிரித்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாளே பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோல் டேங்கை இறக்கினார். அதைச் செய்யாமல் வெல்டிங் மிஷினைத் தொட மாட்டேன் என்றார். துருவை மெலிசாக்கி ஒட்டுவது அவரிடம் இல்லை. வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல்கடை தள்ளி, நல்ல தகடு வருகிறவரை வெட்டினார். நான் போட்ட உள்ளங்கை வட்டம் கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆனது. புது சிஆர் ஷீட், 20 கேஜ். சுத்தியலால் தட்டிப் பழைய ஃப்ளோரில் இருக்கிற வரிப்பள்ளத்தைப் புதுத் தகட்டிலும் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "தட்டையாகப் போட்டால் காலை வைக்கும்போது டின் மாதிரிச் சத்தம் போடும் தம்பி" என்றார். ஒரு மணி நேரம் அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

CO2 வாயு வெல்டிங். ஒரே இழுப்பாக இழுக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, நடுவில் டீ. சூட்டில் தகடு நெளியக் கூடாதாம். ரன்னிங் போர்டு பின்முனையை ஒன்றரை அடிக்கு வெட்டிப் புதுசாக வளைத்து வைத்தார், யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னபடி.

பிரேக் குழாயைப் பார்த்தபோது டேங்குக்கு மேலே கிளிப் பிடிக்கிற இடத்தில் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. புதுக் குழாய் போட்டாயிற்று. இது ஒன்றுக்காகவே டேங்கை இறக்கியது வீண் போகவில்லை.

அப்புறம் வரிசை இது: மிச்சக் கறைக்குப் பாஸ்பாரிக் திரவம், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு எபாக்சி பிரைமர் இரண்டு கோட், மூட்டெல்லாம் சீலர், அதன்மேல் ரப்பர் கோட்டிங். சைலன்சர், டிரம், ரப்பர் புஷ், எல்லா ஓட்டைக்கும் முன்னதாகவே மாஸ்கிங் டேப். கடைசியாக ரன்னிங் போர்டுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு கலந்த எண்ணெய். அதை மதுரை அண்ணன்தான் வாங்கி அனுப்பிவைத்தார்.

செலவு: டிங்கர் கூலியும் தகடும் 14,000. பூச்சு வகையறா 5,200. பிரேக் குழாய் 1,800. மேட்டிங் இன்னும் போடவில்லை, வெறும் தகட்டில்தான் ஓட்டுகிறேன். அம்மாவுக்கு ஷேர் ஆட்டோவில் போகிற மாதிரி இருக்கிறதாம்.


டிங்கர்மகன்
14 ஏப்ரல் 2024, பகல் 12.40

அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வரிப்பள்ளம் தட்டுகிறவர்கள் இப்போது குறைவு.

வினைல் மேட்டிங் மறுபடி போடாதீர்கள். தனித்தனி ரப்பர் மேட் போதும், வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்க முடியும்.


பனிக்காடு
14 ஏப்ரல் 2024, இரவு 9.30

மழைக்குப் பிறகு ஒருமுறை குனிந்து பார்த்து எழுதுங்கள். கோட்டிங் அடித்த அன்று எல்லாருமே சந்தோஷமாகத்தான் இருப்பார்கள்.


முத்துநகர்800
16 பிப்ரவரி 2025, காலை 8.50

பனிக்காடு அண்ணனுக்குச் சொன்ன வாக்கு. மழை முடிந்து, நேற்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன்.

புதுத் தகடு நாலும் அப்படியே இருக்கிறது. கோட்டிங் ஒரே இடத்தில் பெயர்ந்திருக்கிறது, இடது பின்பக்க ஜாக்கி பாயிண்ட். பஞ்சர் கடையில் டிராலி ஜாக்கி வைத்தபோது உரசியது. அதன் ஓரத்தில் மெல்லியதாகப் பழுப்புக் கோடு. சுரண்டிப் பார்த்தேன், கோட்டிங்குக்கு அடியில் கால் இஞ்ச் போயிருக்கிறது. அந்தளவு வெட்டி எடுத்து, பிரைமர் போட்டு, பிரஷ்ஷால் பூசிவிட்டேன்.

ஆனால் வேறொன்று. பக்கத்து சீட்டில் கால் வைக்கிற இடம் நவம்பரில் இரண்டு தடவை நனைந்திருந்தது. ஓட்டை இல்லாத ஃப்ளோரில் தண்ணீர் எப்படி? மதுரை அண்ணனுக்கு போன் போட்டேன். வைப்பருக்குக் கீழே இருக்கிற கிரில்லைக் கழற்றச் சொன்னார். வேப்பிலைச் சருகு ஒரு கை. வடிகிற ஓட்டை அடைத்து, தண்ணீர் உள்பக்கமாக இறங்கியிருக்கிறது. வெள்ளத்துக்கு முன்னாலிருந்தே, எத்தனை வருஷமாகவோ. எங்கள் வாசல் வேப்பமரம் வண்டியைவிட மூத்தது.


வேதியியல்வாத்தி
16 பிப்ரவரி 2025, காலை 9.30

மரத்தை வெட்டிவிடாதீர்கள்.


முத்துநகர்800
16 பிப்ரவரி 2025, காலை 9.34

வண்டியைத்தான் நாலடி தள்ளி நிறுத்துகிறேன் ஐயா.


பத்மினிராஜா
16 பிப்ரவரி 2025, காலை 10.05

மார்ச்சில் திருச்செந்தூர் வருகிறேன், பத்மினியில்தான். அந்த டிங்கர் பெரியவரைப் பார்க்க வேண்டும். வலது பக்க ஃப்ளோர் மறுபடி "டொப்" என்கிறது. எத்தனை நாள் விட வேண்டியிருக்கும்?


முத்துநகர்800
16 பிப்ரவரி 2025, காலை 10.20

எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது சார், அதில் மூன்று நாள் அவர் பேத்தி கல்யாணம். எதற்கும் திரும்பிப் போக ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டு வாருங்கள். முத்துநகர் எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி, காலையில் எழும்பூரில் இறங்கிவிடலாம்.